மகனின் வீட்டு வண்டிக்கு எந்த ஆன்டெனா வாங்குவது?

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் 67 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கங்களுக்கு எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது. வேதாரண்யத்தில் பிறந்த அவர், 1985-இல் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, பொதுத்துறை ஆலை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் அமெரிக்காவில், டாலஸ் நகருக்கு வடக்கே உள்ள பிளேனோவில் இருக்கிறார். அண்மையில் அவர் படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். வாசகரும் அவர் மனைவியும் ஜூன் மாதம் அங்கே சென்று, மகன் குடும்பத்தோடு அந்த வண்டியில் அமரில்லோ, டென்வர் வழியாக யெல்லோஸ்டோன் வரை ஆறு வாரம் சுற்றவிருக்கிறார்கள். மாலையில் வண்டி நின்றதும் செய்தி பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். "ஃபோனிலேயே எல்லாம் வருமே, டிவி எதற்கு அப்பா" என்பது மகனின் பதில். வாசகரோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் "4கே, 360 டிகிரி, 300 கிலோமீட்டர்" என்று அச்சிட்ட பெட்டியில் ஓர் ஆன்டெனாவைப் பார்த்திருக்கிறார். அதையும், வீட்டில் சும்மா இருக்கும் 24 அங்குல டிவியையும் கையோடு கொண்டுபோய் மகனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். கூடவே அலையைப் பெருக்கும் பூஸ்டர் தேவையா, அந்த ஆன்டெனாவில் மனைவிக்குத் தமிழ் சீரியல் வருமா, திரும்பி வரும்போது அதையே கொண்டுவந்து அல்சூர் வீட்டு மாடியில் மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். உங்கள் மகனுடையது குடும்பத்தோடு போய்த் தங்கும் வகை என்பதால், அதற்கான ஆன்டெனாவை வீட்டு ஆன்டெனாவைத் தேர்ந்தெடுப்பது போலத் தேர்ந்தெடுக்க முடியாது. வீடு ஓர் இடத்தில் நிற்கும். டிவி ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசையை ஒருமுறை கண்டுபிடித்துத் திருகாணியை இறுக்கிவிட்டால் பத்து வருடம் அதைத் தொட வேண்டியதில்லை. உங்கள் வண்டியோ இரவுக்கு இரவு ஊர் மாறும். ஒவ்வொரு மாலையும் கோபுரம் வேறு திசையில், வேறு தூரத்தில் இருக்கும். ஆகவே, நீங்கள் இரவில் எங்கே நிற்கப்போகிறீர்கள், நின்றபின் ஐந்து நிமிடம் செலவிட்டு ஆன்டெனாவைத் திருப்ப யாருக்குப் பொறுமை இருக்கிறது என்ற இரண்டையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணுக்கு இந்த முடிவில் இடமே இல்லை.

முதலில் உங்கள் பயணப் பெட்டியின் எடையைக் குறைத்துவிடுகிறேன். அந்த 24 அங்குல டிவியைக் கொண்டுபோக வேண்டாம். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்பதைக்கூடச் சமாளித்துவிடலாம். இப்போதைய டிவிகள் பலவும் இரண்டு மின்னழுத்தங்களையும் ஏற்கும். தடை, அலையிலிருந்து சேனலைப் பிரித்தெடுக்கும் அதன் டியூனரில் இருக்கிறது. இங்கு விற்கும் டிவிகள் டிவிபி என்ற முறைக்கானவை; அமெரிக்க ஒளிபரப்பு ஏடிஎஸ்சி என்ற வேறு முறையைப் பின்பற்றுகிறது. ஆன்டெனா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்கள் டிவி அங்கே ஒரு சேனலைக்கூடக் கண்டுபிடிக்காது.

ஆன்டெனாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது அலைவரிசைக்கு ஏற்ற நீளத்தில் வெட்டிய உலோகம்தான். நாடு, மொழி எதுவும் அதற்குத் தெரியாது. ஆனாலும் இங்கிருந்து வாங்கிச் செல்ல வேண்டாம் என்றே சொல்வேன். அதற்கான காரணம் எஸ்.பி. ரோட்டில் இல்லை, உங்கள் மகனின் வண்டிக் கூரையில் இருக்கிறது.

கூரையில் ஏற்கெனவே இருப்பது

அமெரிக்க வீட்டு வண்டிகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஓர் ஆன்டெனாவோடு வருகின்றன. பழைய வண்டி என்பதால் உங்கள் மகன் அதைக் கவனிக்காமல் இருந்திருக்கலாம். கூரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்றைப் பார்ப்பீர்கள். பறவை சிறகு விரித்தது போல இரு புறமும் நீண்ட ஆன்டெனா, உள்ளே கூரையில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் மேலே எழும் என்றால், அது வைன்கார்டு நிறுவனத்தின் சென்சார் வகையாக இருக்கும். எழும்பாமல், வண்டிக்குள்ளிருந்து தலையை மட்டும் திருப்பும்படி இருப்பது பெரும்பாலும் கிங் நிறுவனத்தின் ஜாக் வகை. அசையாமல் கவிழ்த்த தட்டு போல உட்கார்ந்திருந்தால், அது எல்லாத் திசையிலிருந்தும் வாங்கும் வகை.

அடுத்து, டிவி வைக்கும் அலமாரிக்கு உள்ளேயோ பக்கத்திலோ சுவரில் ஒரு சிறிய தகடும், அதில் ஒரு பொத்தானும், ஒரு பொட்டு விளக்கும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பொத்தானைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல ஆன்டெனாவைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்குபவர்களில் பலரை ஏமாற்றுவது இதுதான். பொத்தானை அழுத்தி விளக்கு எரியும்போது, வண்டியின் 12 வோல்ட் மின்சாரம் கேபிள் வழியாகவே மேலே சென்று, ஆன்டெனாவுடன் சேர்ந்த பூஸ்டரை இயக்குகிறது. டிவியும் ஆன்டெனாவோடு இணைகிறது. விளக்கு அணைந்திருக்கும்போது ஆன்டெனா துண்டிக்கப்பட்டு, வண்டியின் வெளிப்பக்கத்தில் உள்ள கேபிள் இணைப்பு டிவிக்குப் போகிறது. வண்டிகள் தங்கும் சில பூங்காக்களில் கேபிள் டிவி கொடுப்பார்கள், அதற்காகச் செய்த ஏற்பாடு இது. விளக்கை அணைத்து வைத்துக்கொண்டு ஆன்டெனாவில் சேனல் தேடினால் ஒன்றும் வராது. அதேபோல, டிவியின் பட்டியலில் "கேபிள்" என்று இருந்தாலும் வராது; "ஆன்டெனா" அல்லது "ஏர்" என்று மாற்றிய பிறகே தேடச் சொல்ல வேண்டும்.

அதற்கும் பிறகு பார்க்க வேண்டியது இணைப்புகள். ஓடும் வண்டியின் அதிர்விலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடந்த திருகு முனைகள் தளர்ந்துபோகும், உள்ளே பச்சையாகக் களிம்பு ஏறும். கூரைக்குப் போகும் கேபிளின் இரு முனைகளையும் புதிதாகப் போட்டாலே பாதி நோய் தீர்ந்துவிடுவதை என் வேலையில் பலமுறை பார்த்திருக்கிறேன். இத்தனையையும் பிளேனோ வீட்டு வாசலிலேயே சோதித்துவிடலாம். டாலஸ் வட்டாரத்தின் டிவி கோபுரங்கள் நகரத்துக்குத் தென்மேற்கே சீடர் ஹில் என்ற இடத்தில் கூட்டமாக நிற்கின்றன. பிளேனோவிலிருந்து அது சுமார் 55 கிலோமீட்டர். திருப்பக்கூடிய ஆன்டெனாவை அந்தத் திசைக்குத் திருப்பி, விளக்கை எரியவிட்டு, சேனல் தேடிப் பாருங்கள். பல சேனல்கள் தெளிவாக வந்தால் நீங்கள் வாங்க வேண்டியது எதுவுமில்லை.

ரூபவாஹினியும் 300 கிலோமீட்டரும்

"வேதாரண்யத்தில் அண்ணன் இரும்புக் குழாய் நட்டு, மீன்முள் போன்ற ஆன்டெனாவைக் கட்டி, கடலுக்கு அப்பாலிருந்து இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்த்தோமே, அப்படியிருக்க இக்காலத்து ஆன்டெனாவுக்கு 300 கிலோமீட்டர் ஏன் முடியாது" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, நீங்கள் கண்டது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் உங்கள் அண்ணனின் ஆன்டெனா மட்டும் இல்லை.

டிவி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை, பூமியோ வளைந்தது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அதன் அலை அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாகக் கிடைக்கும். 300 மீட்டர் கோபுரத்துக்கு அது 71 கிலோமீட்டர். தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் வண்டி ஆன்டெனாவுக்கு 8 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 80 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவில் 600 மீட்டர் உயரக் கோபுரங்கள்கூட உண்டு. அப்போதும் 110 கிலோமீட்டரைத் தாண்டாது. இடையில் குன்றோ கட்டடமோ இருந்தால் இன்னும் குறையும்.

1982-இல் தொடங்கிய ரூபவாஹினிக்கு இலங்கையிலேயே மிக உயரமான, 2,524 மீட்டர் உள்ள பிதுருதலாகல மலையின் உச்சியிலிருந்து ஒளிபரப்பு நடந்தது. மேற்சொன்ன கணக்கைப் போட்டால் அதற்கே அடிவானம் 200 கிலோமீட்டரை ஒட்டித்தான் வருகிறது. வேதாரண்யம் அதற்கும் வெகு தொலைவு. மிச்சத்தைக் கடல் செய்தது. கடலின் மேல் ஈரக்காற்று அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் இரவுகளில் அலை அந்த அடுக்குக்குள் சிக்கி, பூமியின் வளைவை ஒட்டியே நெடுந்தூரம் போய்விடும். சில இரவுகளில் கண்ணாடி போலத் தெரிந்ததும், சில இரவுகளில் படத்தில் மழை பெய்தது போல இருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். டெக்சஸ் சமவெளிக்கும் கொலராடோ மலைக்கும் நடுவே அப்படியொரு கடல் இல்லை.

இன்னொரு மாற்றமும் உண்டு. அன்றைய ஒளிபரப்பில் அலை பலவீனமானால் படம் மங்கும், ஆனாலும் கிரிக்கெட் பார்க்கலாம். அமெரிக்காவில் முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12-ஆம் தேதியோடு டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. டிஜிட்டலில் மங்கல் என்று ஒரு நிலை கிடையாது. தேவையான அளவுக்கு மேல் இருந்தால் முழுத் தெளிவு; அதற்குச் சற்றுக் கீழே போனால் கட்டம் கட்டமாக உறைந்து, பிறகு கறுப்புத் திரை.

பெட்டியில் இருக்கும் "4கே" என்ற சொல்லையும் பொருட்படுத்த வேண்டாம். படத்தின் தரத்தை ஒளிபரப்பும் டிவியும் முடிவு செய்கின்றன. ஆன்டெனாவுக்கு அதில் பங்கில்லை. ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய முறை அங்கே பரவி வந்தாலும், அதற்கும் இதே ஆன்டெனா போதும். மாற வேண்டியது டியூனர்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால்

சோதனையில் பழைய ஆன்டெனா செத்துவிட்டது என்று தெரிந்தால், மூன்று வழிகள் இருக்கின்றன.

கவிழ்த்த தட்டு வகைக்குத் திசை தேவையில்லை, உயர்த்த வேண்டாம், இறக்க மறக்கவும் முடியாது. சௌகரியம்தான். ஆனால் எல்லாப் பக்கமும் காது கொடுப்பவன் எந்தப் பக்கத்தையும் ஆழ்ந்து கேட்க மாட்டான் என்பது போல, அதன் பெறுதிறன் குறைவு. கட்டடங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலிகளையும் சேர்த்தே வாங்கும். நகரங்களை ஒட்டி, கோபுரங்களிலிருந்து 40, 50 கிலோமீட்டருக்குள் தங்குபவர்களுக்கு இது போதும்.

திசை நோக்கித் திருப்பும் வகை அதைவிடத் தொலைவில் வேலை செய்யும், எதிரொலியையும் தள்ளிவைக்கும். உங்கள் பயணத்தில் டாலஸ், டென்வர் தவிர்த்த இரவுகள் பெரும்பாலும் சிற்றூர்களுக்கு வெளியே கழியும் என்பதால் என் தேர்வு இதுதான். கைப்பிடி சுற்றி உயர்த்தும் வகையென்றால் ஓர் ஆபத்து உண்டு: இறக்காமல் வண்டியை எடுத்தால் முதல் மரக்கிளையோ பாலமோ அதை முறித்துவிடும். உயர்த்தியவுடன் ஒரு சிவப்புத் துணியை ஸ்டீயரிங்கில் கட்டிவிடும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். இந்தப் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். மகனுக்கும் அதில் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வழி, வண்டியோடு சேராமல், முக்காலியில் நட்ட சிறிய கம்பத்தில் ஓர் ஆன்டெனாவை மாட்டி, பத்து மீட்டர் ஆர்ஜி-6 கேபிளால் வண்டியின் பக்கவாட்டு இணைப்பில் செருகுவது. நூறு டாலருக்குள் முடித்துவிடலாம், கூரையில் ஓட்டை போட வேண்டியதில்லை, வண்டி மரநிழலில் நின்றாலும் ஆன்டெனாவை வெளியில் வைக்கலாம். இப்படிச் செருகும்போது மட்டும் நான் முன்பு சொன்ன பொட்டு விளக்கு அணைந்திருக்க வேண்டும். கம்பத்தை உயர்த்துமுன் மேலே மின்கம்பி இல்லையென்று அண்ணாந்து பாருங்கள். கொலராடோவில் ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்களில் இடியும் மின்னலும் வழக்கமானவை. முதல் இடி கேட்பதற்குள் கம்பம் கீழே இறங்கியிருக்க வேண்டும். கம்பம் நடுவதற்குச் சில பூங்காக்களில் கட்டுப்பாடு உண்டு என்பதால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கூரையில் புதிதாகப் பொருத்துவதானால், பழைய ஆன்டெனாவின் துளையையே பயன்படுத்தும் வகையாக வாங்கச் சொல்லுங்கள். கூரையில் போடும் ஒவ்வொரு புதுத் துளையும் ஒரு நாள் ஒழுகக்கூடியது. மரச்சட்டம் ஊறிப்போனால் அதைச் சரிசெய்யும் செலவில் நூறு ஆன்டெனா வாங்கலாம். தயவுசெய்து நீங்கள் கூரையில் ஏற வேண்டாம். பயணக் காப்பீட்டின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தால் நான் ஏன் சொல்கிறேன் என்பது விளங்கும்.

எதை வாங்கினாலும் அது வி.எச்.எஃப், யு.எச்.எஃப் என்ற இரண்டு பட்டைகளுக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அங்கே டிவி நிலையங்கள் 2 முதல் 36 வரையான அலைவரிசை எண்களில் இருக்கின்றன. 14-உம் அதற்கு மேற்பட்டவையும் யு.எச்.எஃப். காகிதம் போன்ற தட்டை ஆன்டெனாக்கள் பல யு.எச்.எஃப்-இல் மட்டுமே நன்றாக வாங்கும்; ஆனால் டென்வரின் முக்கிய நிலையங்கள் சில இன்னும் வி.எச்.எஃப்-இல் இருக்கின்றன. திரையில் தெரியும் சேனல் எண்ணை வைத்து இதைக் கணிக்க முடியாது. அது பழைய வழக்கத்துக்காக வைத்த பெயர்தான், உண்மையான அலைவரிசை எண் வேறாக இருக்கலாம். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி-யின் இணைய வரைபடத்தில் நீங்கள் தங்கும் ஊரைக் கொடுத்தால், எந்த நிலையம் எந்தத் திசையில், எந்த அலைவரிசையில், எவ்வளவு வலுவாக வரும் என்று சொல்லிவிடும். மாலையில் வண்டி நின்றதும் முதலில் அதைப் பாருங்கள், பிறகு ஆன்டெனாவைத் திருப்புங்கள், அதன்பின் சேனல்களைப் புதிதாகத் தேடுங்கள். முந்தைய ஊரின் பட்டியல் அடுத்த ஊரில் உதவாது.

பூஸ்டர் விஷயத்தில் ஒரே வார்த்தை: கூரை ஆன்டெனாவோடு வந்தது போதும், அதன்மேல் இன்னொன்று வேண்டாம். பூஸ்டர் தனக்கு வரும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கோபுரத்துக்கு அருகில் இருக்கும்போது அது திணறி, வர வேண்டிய சேனலையும் கெடுத்துவிடும். அப்போது அணைத்துப் பார்க்க வேண்டும் என்றாலும், சில வகைகளில் அணைத்தால் ஆன்டெனாவே துண்டிக்கப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

செய்தி, சீரியல், அல்சூர் மாடி

யெல்லோஸ்டோனுக்குள் எந்த ஆன்டெனாவிடமும் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். மகன் நம்பியிருக்கும் ஃபோனும் அங்கே பல இடங்களில் கைவிட்டுவிடும். மற்ற இடங்களில் அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, நீங்கள் சொல்வதிலும் இருக்கிறது. உலகச் செய்திக்கு ஃபோன் போதும். ஆனால் டெக்சஸ் சமவெளியில் புயல் எச்சரிக்கை வரும்போது உள்ளூர் டிவி நிலையம் வரைபடத்தோடு விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். எச்சரிக்கைகளில் கவுன்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவின், பெயரைத்தான் சொல்வார்கள், ஆகவே நிற்கும் இடம் எந்தக் கவுன்டி என்று எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். இரவில் டிவியை அணைத்துவிட்டுத்தானே தூங்குவீர்கள். அதற்காக, எச்சரிக்கை வந்தால் தானே ஒலி எழுப்பும் சிறிய வானிலை ரேடியோ ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. மகனுக்குப் பரிசு கொடுக்க விரும்பினால் ஆன்டெனாவுக்குப் பதில் அதை அங்கேயே வாங்கிக் கொடுங்கள்.

அம்மாவுக்கான சீரியல் ஆன்டெனாவில் வராது. அங்கே காற்றில் இலவசமாக வருபவை ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ், பிபிஎஸ் போன்றவையும், அவற்றோடு சேர்ந்த துணைச் சேனல்களும்தான். தமிழுக்கு இணையம் வேண்டும். இங்கே நீங்கள் சந்தா கட்டும் செயலி அங்கே திறக்காமல் போகலாம். மகன் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சந்தாவில் பார்ப்பதே எளிது. வைஃபை கிடைக்கும் நாளில் நான்கைந்து பகுதிகளை டேப்லெட்டில் இறக்கி வைத்துக்கொண்டால் மலைப்பகுதியிலும் தடைபடாது.

கடைசியாக, அதே ஆன்டெனாவை இங்கே கொண்டுவந்து மாட்டும் யோசனை. கூடாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் இல்லை, பயன்தான் இல்லை. நம் நாட்டில் தரைவழி ஒளிபரப்பு தூர்தர்ஷனிடம் மட்டுமே இருந்தது, தனியார் சேனல்கள் அந்த வழியில் வந்ததே இல்லை. தூர்தர்ஷனும் தன் பழைய தரைவழி டிரான்ஸ்மிட்டர்களில் மிகப் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. மாதக் கட்டணமில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் இங்கே அதற்குரியது டிடி ஃப்ரீ டிஷ். அதற்குச் சிறிய டிஷ் ஒன்றும் செட்டாப் பெட்டியும் வேண்டும். அது வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது; அல்சூர் மாடியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, தலைக்கு மேல் வெகு உயரத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தில் பக்கத்து வீட்டுத் தென்னை மறைக்காமல் இருக்க வேண்டும். மாடியில் துணிக்கொடி கட்டியிருக்கும் பழைய ஆன்டெனாக் கம்பத்திலேயே டிஷ்ஷைப் பொருத்தலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும்: ஈரத்துணி கனத்தில் அந்தக் கம்பம் ஒரு விரல் அளவு அசைந்தாலும் படம் போய்விடும் என்பதால், டிஷ்ஷைச் சுவரில் தனியாகப் பொருத்தச் சொல்லுங்கள்.